இருண்ட எண்ணங்கள் வருவது விசுவாசக் குறைவா? நோயுற்ற ஒரு சகோதரிக்குப் பதில்

மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி எடுத்துவரும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. பகலில் ஓரளவு தேறியிருக்கும் மனம் இரவில் கலங்கிவிடுகிறது. ‘நான் என்ன பாவம் செய்தேன்’, ‘ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரோ’, ‘என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்’ என்று எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இயேசுவின் நாமத்தைச் சொல்லி அவற்றைக் கடிந்து விரட்டினாலும் முன்னைவிட வலுவாகத் திரும்பி வருகின்றன. சபையில் உள்ளவர்களோ, ‘எதிர்மறையாக ஒரு வார்த்தைகூட வாயில் வரக்கூடாது, சுகமானேன் என்று அறிக்கை செய்யுங்கள்’ என்கிறார்கள். அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்களுக்கு விசுவாசம் இருக்கிறது. இல்லாதவர் இந்தக் கேள்வியால் உறக்கம் இழக்கமாட்டார். நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் பல ஆண்டுகளாக நான் கண்டுவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயுற்றவருக்கு இருண்ட எண்ணம் வருவது இயல்பு. அவரை உண்மையில் நொறுக்குவது அந்த எண்ணத்தைவிட, ‘இப்படி எண்ணுகிறேனே, இதுவே பாவம் அல்லவா’ என்று அதன்மேல் ஏறி உட்காரும் குற்ற உணர்வுதான். முதல் சுமையை நோய் தருகிறது. இரண்டாவது சுமையைப் பெரும்பாலும் நாம், அதாவது சபையார், ஏற்றிவைக்கிறோம். கிறிஸ்தவ விசுவாசம் இருண்ட எண்ணங்களை விரட்டுவதற்கான ஒரு மந்திரம் அல்ல. அந்த எண்ணங்களோடுகூடத் தேவனிடத்தில் போகலாம் என்பதற்கான அனுமதி அது. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சார்ந்தே இருக்கிறது.

வேதத்துக்குள் போகுமுன் உங்கள் உடலைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். கீமோதெரபியோடு, குமட்டலைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டெராய்டு மருந்தைப் பலருக்கும் கொடுக்கிறார்கள். அது உறக்கத்தைக் கெடுக்கும், படபடப்பையும் எரிச்சலையும் தரும். அதை நிறுத்திய அடுத்த ஓரிரு நாட்களில் மனம் காரணமில்லாமல் சோர்ந்துபோவதும் உண்டு. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, தீராத வலி ஆகியவையும் மனத்தை இருளச் செய்யும். ஆகவே உங்கள் எண்ணங்கள் எந்த நாட்களில், எந்த நேரத்தில் கூடுகின்றன என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். மருந்து ஏற்றிய பின்வரும் சில இரவுகளில் மட்டும் அவை மிகுதியாக வருமானால், அந்த நோட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை எடுக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றுவதுபோன்ற எளிய வழிகள் இருக்கலாம். ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. மாத்திரையின் பக்கவிளைவைப் பிசாசின் தாக்குதல் என்று எண்ணி இரவெல்லாம் போராடி, மறுநாள் எழுந்திருக்கவும் பெலன் இல்லாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது ஆவிக்குரிய பதில் இல்லையே என்று தோன்றலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய எலியா, யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று கேட்கிறான். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்குத் தேவன் என்ன செய்தார்? கடிந்துகொள்ளவில்லை; விசுவாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்பதுதான் தூதன் சொன்ன காரணம். எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி அழுது ஜெபித்தபோதும் இப்படித்தான். தேவன் அவனுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். ஆனாலும் அவன் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடும்படி ஏசாயா சொன்னான். பவுல் தன் அன்பான உடன்ஊழியன் லூக்காவை வைத்தியன் என்றே குறிப்பிடுகிறார். மருந்தும் ஜெபமும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற எண்ணம் வேதத்தில் இல்லை.

அதே காரணத்தால், மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நாளின் பெரும்பகுதி சோகமாகவே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமை, தன்னைத்தான் வெறுத்தல் ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எடுக்கும் புற்றுநோய் மருந்துகளின் பெயர்களை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பிற்பாடு உங்களுக்குத் தரப்படக்கூடிய டாமாக்சிஃபென் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடியவை. அவற்றைத் தவிர்த்து வேறு கொடுக்க அவருக்குத் தெரியும். ‘போதும் ஆண்டவரே’ என்று களைத்துச் சொல்வது ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் வழியை யோசிக்கத் தொடங்குவது வேறு. இரண்டாவது ஒருமுறை வந்தாலும் தனியாக ஜெபித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்த நேரமே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இனி, ‘என்ன பாவம் செய்தேன்’ என்ற கேள்வி. நோயைவிட இது அதிகம் உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி புதிதல்ல. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இவன் பாவம் செய்தானோ, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களோ என்று சீஷர்களே கேட்டார்கள். ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார் (யோவான் 9:3). இதைப் பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வார்டில் போய், ‘ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா, பரம்பரைச் சாபம் ஏதாவது உண்டா’ என்று நம்மவர்கள் விசாரிப்பதை நான் மன்னிக்க முடியாமல் தவித்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோயில் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் உண்டாவது சுமார் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. அதற்கும் பெயர் மரபணுதான், சாபம் அல்ல. யோபுவின் நண்பர்கள் மூவரும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்து, பாவம் இல்லாமல் இது வருமா என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் கோபப்பட்டது, தான் பிறந்த நாளைச் சபித்து, தேவனையே வழக்குக்கு அழைத்த யோபுவின்மேல் அல்ல; தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்ட அந்த நண்பர்களின்மேல். தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினவன் யோபுதான் என்கிறார். வேதத்தை மதிக்கிறவர்கள் இந்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு காயமும் உங்களுக்குள் இருக்கலாம். கேள்வியில் நீங்கள் எழுதாவிட்டாலும், பலரிடம் இருப்பதால் சொல்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்திருப்பீர்கள். அதில் ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்பதுபோல ஒரு வசனம் வந்திருக்கும். அதைச் சட்டமிட்டு மாட்டிய சில மாதங்களில் மருத்துவ அறிக்கை வந்திருக்கும். தேவன் வார்த்தை தவறிவிட்டார், அல்லது நான் அந்த வார்த்தைக்குத் தகுதியில்லாமல் போனேன் என்ற இரண்டில் ஒன்றைத்தான் அப்போது மனம் தேர்ந்தெடுக்கும். இரண்டுமே வேண்டாம். அந்த வழக்கத்தை நான் இகழவில்லை. அதில் ஆறுதல் பெற்றவர்கள் அநேகர். ஆனால் ஒரு சங்கீதத்திலிருந்து ஒரு வரியைப் பிரித்தெடுத்து ஒருவருடைய ஓராண்டின் உடல்நலத்துக்கு உத்தரவாதமாக எழுதிக்கொடுக்கும் அதிகாரம் அட்டைக்கு இல்லை. அந்தச் சங்கீதமே, ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்று முடிவை நெருங்குகிறது. ஆபத்து வராது என்பதைவிட ஆபத்தில் கூட இருப்பேன் என்பதே அதில் ஆழமான வாக்கு. அதைவிடச் சிறந்த சான்று பவுலின் நிருபங்களில் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி பலவீனமும் இருந்தன. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயில் இருந்து பிழைத்தான். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் கிடைத்தது. இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை.

‘எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்’ என்ற வசனத்தை உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது கொரிந்து சபையில் பவுலின் ஊழியத்தை எதிர்த்தவர்களின் தர்க்கங்களைப் பற்றிய வசனம். இரவில் தன் பிள்ளைகளை நினைத்து அழும் தாயின் பயத்தைக் கைது செய்யச் சொல்லும் வசனம் அல்ல. அதே நிருபத்தின், அதாவது 2 கொரிந்தியரின், முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த உபத்திரவத்தால் ‘பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக’ வருத்தம் உண்டாயிற்று என்று பவுல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எதிர்மறையான வார்த்தை வாயில் வரக்கூடாது என்றால் முதலில் அந்த வரியை அடித்துவிட வேண்டியிருக்கும்.

விரட்டிய எண்ணம் வலுவாகத் திரும்பி வருவதற்கு ஆவிக்குரிய விளக்கம் தேட வேண்டியதில்லை. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் பணிபுரிந்தோரும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிவிட்டு, அது மனத்தில் வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்க அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களே கரடியை அதிகம் நினைத்தார்கள். நினைக்கக்கூடாது என்று காவல் இருப்பதற்கே அந்த எண்ணத்தை மனம் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இரவில் செய்துவருவதும் இதுவே.

மாற்றுவழி சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது. அதிலுள்ள 150 சங்கீதங்களில் மிகப் பெரிய வகை துதி அல்ல, முறையீடு. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதில் ஆறே வசனங்கள். குற்றச்சாட்டு, வேண்டுதல், நம்பிக்கை என்று மூன்று படிகள். அதையே உங்கள் ஜெபத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணம் எழுந்தவுடன் அதைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாக, எழுந்தபடியே, ‘நீர்’ என்று தேவனையே நோக்கிச் சொல்லுங்கள். ‘தேவன் என்னைக் கைவிட்டார்’ என்று எண்ணம் வந்தால், ‘ஆண்டவரே, நீர் என்னைக் கைவிட்டதுபோல் இருக்கிறது’ என்று அவரிடமே சொல்லுங்கள். அடுத்து, ஒரே ஒரு வேண்டுதல், அந்த இரவுக்கு மட்டும் போதுமானது: இன்றைக்குத் தூக்கம், நாளை ஊசி ஏற்ற நரம்பு கிடைக்க வேண்டும் என்பதுபோல. ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ என்று சொன்னவர், ஐந்து ஆண்டுகளுக்கான விசுவாசத்தை ஒரே இரவில் கேட்பவர் அல்ல. நம்பிக்கையின் வாக்கியம் கடைசியில் வந்தால் வரட்டும்; வராவிட்டால் வந்ததுபோல் நடிக்க வேண்டாம். 88ஆம் சங்கீதத்தில் அது வரவே இல்லை. நண்பர்களும் விலகிப்போன இருளில்தான் அது முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தேவனிடம் பேசுவதாலேயே அது ஜெபமாக இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான வேதபதிலை நான் அறியேன்.

42ஆம் சங்கீதத்தில் இன்னொரு முறை உண்டு. ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு’ என்று சங்கீதக்காரன் தன்னோடுதானே பேசுகிறான். கலங்காதே என்று கட்டளை இடாமல், ஏன் கலங்குகிறாய் என்று கேட்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்வியை நீங்களும் உங்களிடம் கேட்டு, பதிலை எழுதிப் பாருங்கள். ‘எல்லாம் முடிந்தது’ என்ற மூட்டமான எண்ணம், எழுதும்போது, ‘அடுத்த ஸ்கேன் முடிவை நினைத்துப் பயமாக இருக்கிறது’ என்று ஓர் உருவம் பெறும். உருவம் பெற்ற பயத்தை மருத்துவரிடம் கேட்கலாம், கணவரிடம் சொல்லலாம், ஜெபக் குறிப்பாக வைக்கலாம். கீமோவுக்குப் பிறகு வாசிக்கவோ எழுதவோ முடியாதபடி மூளை மந்தமாக இருக்கும் நாட்களில் இது எதுவும் வேண்டாம். இயேசுவே என்று மட்டும் சொல்லி மூச்சுவிட்டால் போதும். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான்.

உங்களால் விசுவாசிக்க முடியாத நாட்களும் வரும். அன்றைக்கு விசுவாசத்தைப் பிறர் சுமக்கட்டும். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. யாக்கோபு 5:14இலும் வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே. எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் அவர்கள் வேலை. கத்தோலிக்கர் இதையே நோயில்பூசுதல் என்னும் அருளடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். அது சாகிறவர்களுக்கு மட்டும் உரியது என்ற பழைய பயம் தவறு என்று அவர்களுடைய திருச்சபையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் போதகரிடம் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். ஆனால் யாரை உள்ளே விடுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அறிவுரையோடு வருகிறவர்களிடம், ‘இன்றைக்கு ஒரு சங்கீதம் மட்டும் வாசித்து ஜெபித்துவிட்டுப் போங்கள்’ என்று உங்கள் கணவர் வாசலிலேயே சொல்லிவிடலாம். கெத்செமனேயில் இயேசுவே, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, பன்னிரண்டு பேரில் மூன்று பேரை மட்டுமே தம்மோடு அழைத்துச் சென்றார். அவர்களும் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சாட்சிக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகமானவர்கள் மேடையேறுகிறார்கள், சுகமாகாதவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. கேட்கிற நோயாளிக்கு, விசுவாசித்தவர்கள் எல்லாரும் சுகமானார்கள் என்ற பொய்க்கணக்கு மனத்தில் பதிகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள். அவர் எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, 1966இல் வேலூரில் தண்டுவடம் பாதித்தோருக்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார். இதுவும் சாட்சிதான். உங்களிடமும் இதுபோல் எதையாவது எதிர்பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கீமோதெரபி நாட்களில் எழுந்து பல் துலக்குவதே போதுமான சாதனை.

கடைசியாக, பிள்ளைகளைப் பற்றிய பயம். மற்ற எண்ணங்களில் பொய் கலந்திருக்கிறது, இதில் இல்லை, இது அன்பு. ஆகவே இதை ஆறுதல் வார்த்தையால் மூடிவிட நான் முயலமாட்டேன். முதலில் உங்கள் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சிகிச்சையின் நோக்கம் என்ன என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் குணமாக்கக்கூடியது, நீங்கள் இரவில் கற்பனை செய்வதைவிட அவருடைய பதில் நம்பிக்கையானதாக இருக்கக்கூடும். அதன்பின், எது நேர்ந்தாலும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதைக் கணவரிடம் பேசுங்கள். பேசினால் அது பலித்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். சிலுவையில் தொங்கிய இயேசு, தம் தாயை யோவானிடம் ஒப்படைத்து, அவருக்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. ‘உன் வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்து’ என்று ஏசாயா சொல்லக் கேட்ட எசேக்கியா அதன்பின் 15 வருஷம் உயிரோடிருந்தான். ஆகவே வங்கிக் கணக்கில் வாரிசுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு, அவர்களோடு யார் நெருக்கம் என்று பேசி முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளிடமும் அவர்கள் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு என்ன நோய், ஏன் முடி கொட்டுகிறது, இது அவர்கள் செய்த குறும்பால் வந்ததல்ல என்பதை உங்கள் வாயிலிருந்தே அவர்கள் கேட்க வேண்டும். இந்தப் பேச்சை மருந்து ஏற்றிய வாரத்தில் வைத்துக்கொள்ளாமல், அடுத்த சுற்றுக்கு முன், உடல் சற்றுத் தேறியிருக்கும் நாட்களில், பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.